இரண்டு சம்பந்திகளும் ஒரு பழைய வாய்க்காலும்

எங்கள் ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேராவது பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியவர்களாக இருப்பார்கள். நானும் வாங்கியிருக்கிறேன். அவருடைய வெள்ளைக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் காலடியில் இன்னொரு பிரேக். நாம் மிதிக்க நினைப்பதற்குள் அவர் மிதித்துவிடுவார். மிதித்த பிறகு, "காலுக்கு முன்னாடி கண்ணு போகணும். உனக்குக் கண்ணு எங்க போச்சு?" என்று ஆரம்பிப்பார். கடைத்தெருவில் அவர் எதிரே வந்தால், நடந்துபோகிற நாங்களே ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நகர்வோம்.

அவரை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது கணவரின் கண்பார்வை. கணவருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி அனுப்புகிறவருக்குத் தன் கண் மட்டும் வண்டி ஓட்டுகிற அளவுக்குத் தேறவில்லை. ஆசைப்பட்டு வாங்கிய பழைய கார் வாசலில் தூசி படிந்து நின்றது. அதைப் பார்க்கச் சகிக்காமல் அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டார். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தார், அவள் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்படியே பயிற்சிப் பள்ளி ஆகிவிட்டது.

அக்காவுக்கு ஒரே மகள். அவளைக் கட்டிக்கொடுத்த இடமும் இதே ஊர்தான். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது சம்பந்தியம்மா, ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் எப்போதோ காலமாகிவிட்டார். சம்பந்தியம்மா அதிகம் பேசமாட்டார். உங்கள் சட்டையைப் பார்த்ததும் அதில் என்ன சிந்தியது, எதைப் போட்டுத் தேய்த்தீர்கள், ஏன் போகவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் சொல்லமாட்டார். அந்தச் சொல்லாமல் பார்க்கிற பார்வைதான் அக்காவுக்குத் தாங்கமுடியாதது.

கல்யாணமான கையோடு மகளும் மாப்பிள்ளையும் வேலைக்காக வேறு நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஊரில் இரண்டு சம்பந்திகளும் மிச்சமானார்கள். இருவருக்கும் நடுவே சண்டை எதுவும் கிடையாது. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். இருந்ததெல்லாம் மரியாதை. வழியில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா", "நீங்க நல்லா இருக்கீங்களா", அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வார்த்தை வராது. எப்போது கிளம்பலாம் என்று இரண்டு பேரும் கைப்பையைத் தடவிக்கொண்டு நிற்பார்கள்.

அப்படிப்பட்ட சம்பந்தியம்மா ஒரு நாள் போன் செய்து, கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வரலாமா என்று கேட்டார்.

சம்பந்தியை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அக்கா ஒப்புக்கொண்டார். ஆனால் சம்பந்தியைத் திட்டவும் முடியாதே! மற்றவர்களிடம் ஆற்றுவெள்ளம் மாதிரி வருகிற பேச்சு இவரிடம் "பரவாயில்லைங்க", "மெதுவாங்க", "ஒண்ணும் தப்பில்லைங்க" என்று சொட்டுச் சொட்டாக வந்தது. பாடம் முடிந்து வீட்டுக்கு வந்தால் தலைவலி. திட்டை விழுங்குவதைவிடப் பெரிய வேலை உலகத்தில் இல்லை என்று கணவரிடம் புலம்பினார்.

புதிதாகப் பழகுபவர்களை அக்கா முதலில் அழைத்துப் போவது மரக்கடைக்குப் பின்னால் இருக்கும் நேர் தெருவுக்கு. தட்டையான தெரு. நடுவில் மட்டும் ஒரு மேடு. வேகத்தடை மாதிரி குட்டி மேடு இல்லை, ஒரு கார் முழுசாக ஏறி இறங்கும் அளவுக்கு அகலமானது. அங்கே எல்லோருக்கும் வண்டி அணைந்துபோகும். அணைந்துபோகட்டும் என்றுதான் அவர் அங்கே அழைத்துப் போவதும். சம்பந்தியம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் அணைந்தது. ஒரு நாள் மேட்டின் உச்சியிலேயே வண்டி உறைந்து நின்றுவிட்டது. பின்னால் மரம் ஏற்றிய வண்டிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். காருக்குள் மரியாதை நிரம்பி மூச்சு முட்டியது. ஏதாவது பேசியாக வேண்டுமே என்று சம்பந்தியம்மா வாயைத் திறந்தார்.

"சம்பந்தி, இந்த இடத்துல ஏன் இப்படி ஒரு மேடு?"

ரோடு போட்டவர்கள் சரியாகப் போடவில்லை என்று அக்கா சொல்லிவைத்தார். சொல்லும்போதே அது பொய் என்று அவருக்குத் தோன்றியது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஏறி இறங்குகிற மேடு. எங்கே கிளட்சை விட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்பது காலுக்குத் தெரியும். ஏன் இருக்கிறது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. பின்னால் நின்ற வண்டிக்கு வழி விட்டு, ஓரமாக நிறுத்தச் சொல்லி, அவர் இறங்கிப் பார்த்தார்.

தெருவின் ஒரு பக்கம் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து. ஆள் நுழையலாம், வண்டி நுழையாது. அதன் தரை முழுக்க நீளநீளமான கற்கள் பாவி உயர்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு தோட்டத்துச் சுவர். மேட்டுக்கு நேராக வந்ததும் அந்தச் சுவரும் ஏறி இறங்கியது. மேடு ரோட்டுக்குச் சொந்தமில்லை. எங்கிருந்தோ வந்து, ரோட்டைக் குறுக்கே கடந்து, எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

சந்தின் ஓரத்து வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், இவர்கள் குனிந்து குனிந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள். அது அந்தக் காலத்து வாய்க்கால் என்றாள். மேலே கல் போட்டு மூடியது. மலையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததாம். அவள் வீட்டுச் சமையலறைத் தரைக்குக் கீழேதான் போகிறது, தரையில் தக்காளி வைத்தால் சுவர்வரைக்கும் உருளும், குழந்தைகளுக்கு அது ஒரு விளையாட்டு.

அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து தக்காளியை உருட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று இருவருக்கும் இன்றைக்கும் நினைவில்லை, இரண்டு சம்பந்திகளும் மரக்கடைச் சந்திலிருந்து மலைப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். வாய்க்கால் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம், அவ்வளவுதான். நேர்க்கோட்டில் போகும் என்று நினைத்தார்கள். அது போகிற போக்கே வேறாக இருந்தது. ஒரு வீட்டின் பின்சுவராக நிற்கும். கொஞ்ச தூரத்தில் தரைக்குள் புகுந்துவிடும். எங்கே புகுந்தது என்று தேடினால், தெருவில் எல்லா வீடுகளும் நேராக இருக்க, ஒரு வீடு மட்டும் கோணிக்கொண்டு நிற்கும். வாய்க்காலுக்கு மேல் கட்டிடம் எழுப்பப் பயந்து ஒதுங்கிக் கட்டியிருப்பார்கள். கோணல் வீடுகளைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தெரிந்தது. அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஊரில் ஒவ்வொரு தெருவும் அவருக்குக் கியர் கணக்கில் தெரியும். அதே தெருக்களுக்கு ஒரு பின்பக்கம் இருக்கிறது என்பதை இப்போதுதான் பார்க்கிறார்.

நடுவில் குடிநீர் அலுவலகத்திலும் போய்க் கேட்டார்கள். அங்கிருந்த இளம் அதிகாரி நல்ல மாதிரி. வரைபடத்தை விரித்துக் காட்டினார். அதில் அவர்கள் பதித்த குழாய்கள் மட்டுமே இருந்தன. "அது எங்க லைன் இல்லைங்க," என்றார் வருத்தமாக. பிறகு, வழி கண்டுபிடித்தால் தனக்கும் சொல்லச் சொன்னார்.

ஊர் முடிகிற இடத்தில் வழி தவறியது. வாய்க்கால் மண்ணுக்குள் போய் மறைந்துவிட்டது, எதிரே இரண்டு பாதைகள். தண்ணீர் மேட்டிலிருந்துதானே வர வேண்டும், எது மேடு என்று தெரிந்தால் போதும் என்று அக்கா மறுவாரம் காரையே கொண்டுவந்தார். நியூட்ரலில் போட்டு பிரேக்கை விட்டார். கார் மெதுவாகப் பின்னால் உருண்டது. அப்படியானால் முன்னால் இருப்பதுதான் மேடு. காரை நிறுத்திவிட்டு நம்பிக்கையாக அந்தப் பாதையில் நடந்தார்கள். வெயில் ஏறும்வரை நடந்து கடைசியில் போய்ச் சேர்ந்தது ஊர்க் கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்துக்கு. அந்தப் பாதையே பின்னாளில் மண் கொட்டி உயர்த்தியது என்பது பிறகுதான் தெரிந்தது.

வாசலில் நின்ற காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"தண்ணி எங்கேருந்து வருதுன்னு பார்க்க வந்தோம்," என்றார் சம்பந்தியம்மா.

காவலாளி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இங்க வர்ற தண்ணி எங்கேருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?"

திரும்பும் வழியில் முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். வாயைக் கையால் பொத்தியும் நிற்கவில்லை, நடக்க முடியாமல் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார். இவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சரியான பாதை மலையடிவாரத்தில் ஒரு சுரங்கத்தில் கொண்டுபோய் விட்டது. மலையைச் சுற்றிப் போகாமல் குடைந்து வந்திருந்தது வாய்க்கால். சுரங்க வாயில் கதவு, கதவில் பூட்டு. உள்ளே ஒருவர் காளான் வளர்த்துக்கொண்டிருந்தார். கோடையிலும் குளிர் மாறாத இடம், இதைவிட்டால் காளானுக்கு வேறு சொர்க்கம் இல்லை என்றார். மறுபக்கம் வரை போகலாமா என்று கேட்டதும் இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸையும் ஒரு விளக்கையும் எடுத்துக் கொடுத்தார்.

காளான் படுக்கைகளைத் தாண்டியதும் இருட்டு கெட்டியானது. சம்பந்தியம்மா சுவரில் விளக்கைக் காட்டினார். முழங்கால் உயரம்வரை வெள்ளையாக ஒரு பொருக்கு, அதற்கு மேல் வெறும் பாறை. ஆஸ்பத்திரியில் கொதிகலனுக்குள் இப்படித்தான் உப்பு படியும், மாதத்துக்கு ஒரு தடவை சுரண்டுவோம் என்றார். அவ்வளவு உயரத்துக்குத்தான் தண்ணீர் ஓடியிருக்கிறது. கொஞ்சம் உள்ளே போனதும் சுரங்கம் சட்டென்று ஒரு பக்கமாக மடிந்து மறுபடி நேரானது. உளிக் கொத்துகள் அதுவரை ஒரு திசையில் சாய்ந்திருந்தன, மடிப்புக்கு அப்பால் எதிர்த் திசையில் சாய்ந்திருந்தன. இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வந்திருக்கிறார்கள். நடுவில் சந்திக்க வேண்டிய இடத்தில் ஒரு கை தூரம் தப்பிவிட்டது. சத்தத்தைக் கேட்டுத்தான் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்பியிருக்க வேண்டும்.

அந்த மடிப்பில் விளக்கு மங்கியது. சம்பந்தியம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இருட்டுன்னா பயம், சம்பந்தி."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா திரும்பிடலாம்னு சொல்வீங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எனக்குக் கார்னாலும் பயம்தான்" என்றார்.

அப்புறம் எதற்குக் கற்றுக்கொள்ள வந்தீர்கள் என்று அக்கா கேட்டார். மகன்தான் அனுப்பினான் என்று பதில் வந்தது. அத்தைக்கு இப்போதெல்லாம் பயிற்சிக்கு ஆள் வருவதில்லை, மனசு கஷ்டப்படுகிறார்கள், நீ போய்ச் சேர்ந்தால் ஒரு துணையாக இருக்கும், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே என்று போனில் சொன்னானாம்.

அக்காவும் தன் பங்குக்கு உண்மையைச் சொன்னார். அவருடைய மகள் அவரிடம் சொன்னது வேறு. என் மாமியார் தனியாக வீட்டில் முடங்கிக் கிடக்கிறார்கள், கார் கற்றுக்கொள்ள வந்தால் தயவுசெய்து மறுக்காதே, திட்டவும் செய்யாதே.

"எனக்கா ஆள் வரல?" என்றார் அக்கா. "இடம் இல்லாம மூணு பேரைத் திருப்பி அனுப்பிட்டு உங்களைச் சேர்த்தேன்."

"நான் எங்க முடங்கிக் கிடந்தேன்? நிம்மதியா இருந்தேன்."

இருட்டில் முகம் தெரியாததால் இருவராலும் அதைச் சொல்ல முடிந்தது என்று அக்கா பிறகு சொல்வார். அன்றோடு கார்ப் பாடம் நின்றது. பிள்ளைகளிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. பாடம் எப்படிப் போகிறது என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம், நன்றாகப் போகிறது, ஆனால் முடிய நாளாகும் என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள்.

சுரங்கத்துக்கு அப்பால் பழத்தோட்டம் ஒன்று. அதற்குள் கல் கட்டிய சதுரத் தொட்டி, இரும்பு மூடி. தோட்டக்காரர் மூடியைத் தூக்கிக் காட்டினார். அடியில் மணலைக் கிளப்பிக்கொண்டு ஊற்று பொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதில் குழாய் வைத்து மரங்களுக்குப் பாய்ச்சுகிறார். பழைய வாய்க்காலின் வாயை அவருடைய அப்பா காலத்திலேயே ஒரு பலகைக் கல்லால் அடைத்துவிட்டார்களாம். இருவரும் கையில் அள்ளிக் குடித்தார்கள். சம்பந்தியம்மா பையிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்துக் கையில் தேய்த்தார். நுரை எழும்பவில்லை. உப்பு மிகுந்த தண்ணீர், அதனால்தான் அந்தப் பொருக்கு என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

கதை அதோடு முடிந்தது என்றுதான் அக்கா நினைத்தார். கண்டுபிடித்தாயிற்று. ஊரிலும் அதுதானே கதை! மலையிலிருந்து வந்த தண்ணீர் மார்க்கெட் நடுவில் இருக்கும் பழைய கல்தொட்டிக்கு வந்தது, ஊரே அதில் பிடித்துக் குடித்தது. அந்தத் தொட்டிமேல் உட்கார்ந்து ஒரு நாள் இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சம்பந்தியம்மா சும்மா ஒரு கேள்வி கேட்டார்.

"மரக்கடைத் தெருவுலேருந்து மார்க்கெட்டுக்கு வர எந்த கியர் போடணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?"

"ரெண்டு. ஏத்தமாச்சே."

சொல்லி முடித்ததும் அக்கா தேநீரைக் கீழே வைத்தார். ஏற்றம். மரக்கடைத் தெருவைவிட மார்க்கெட் உயரத்தில் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் மார்க்கெட்டுக்கு எப்படி ஏறி வந்திருக்கும்? வந்திருக்கவே முடியாது. அந்தத் தொட்டிக்கு வேறு எங்கிருந்தோ தண்ணீர் வந்திருக்கிறது. அப்படியானால் வாய்க்கால் எங்கே போனது?

அக்காவுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. பழகுகிறவன் சிவப்பு விளக்கைத் தாண்டியதைக்கூடக் கவனிக்கவில்லை என்று சொல்கிறார்கள். ஞாயிறு வந்ததும் மரக்கடைத் தெருவின் எதிர்ப்பக்கம், ஏறி இறங்கும் தோட்டத்துச் சுவரிலிருந்து, இருவரும் இறக்கத்தை நோக்கிக் கிளம்பினார்கள்.

இந்தப் பக்கம் வாய்க்கால் பழைய கடைத்தெருவின் பின்புறமாக ஒரு நீண்ட சுவர்போல ஓடியது. பேக்கரியின் கொல்லையில் சம்பந்தியம்மா நின்றுவிட்டார். சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு துளை. முஷ்டி அளவு. அதில் ஒரு மரக்கட்டையை அறைந்து அடைத்திருந்தார்கள். துளையிலிருந்து கீழே தரைவரைக்கும் வெள்ளையாக ஒரு தாரை.

"இது ஒழுகின கறை இல்ல, சம்பந்தி. ஒழுகினா பரவலா இருக்கும். இது ஊத்தின கறை. வருஷக்கணக்கா ஒரே இடத்துல ஊத்தியிருக்கு."

அடுத்த கொல்லையிலும் ஒரு துளை. அதற்கடுத்ததிலும். சிலது அவசரத்தில் குடைந்ததுபோல் கோணல்மாணல். சிலதைப் பொறுமையாக வட்டமாக வெட்டியிருந்தார்கள். ஒரே ஒரு துளையைச் சுற்றி இதழ் இதழாக ஒரு பூ செதுக்கியிருந்தது. அதைச் செய்தவருக்கு நேரமும் இருந்திருக்கிறது, பயமும் இல்லை. முடிதிருத்துபவரின் கடையில் பெரிய கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் அதன் பின்னாலும் ஒன்று. அவருக்கு அது தெரியும். எங்கள் முன்னோருக்குச் சொந்த ஊற்று இருந்தது என்று அவர் வீட்டில் பெருமையாகச் சொல்வார்களாம். சுவரின் அந்தப்பக்கம் இருப்பது வாய்க்கால் என்று அக்கா விளக்கினார். அவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப திருட்டுத் தண்ணியா?" என்றார். முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை.

திருடுவதென்றால் அது இன்னொருவருடையதாக இருக்க வேண்டும். யாருடையது? கடைத்தெரு முடிந்தது. வாய்க்கால் வயல்களின் ஓரமாக, தரையோடு தரையாகப் போனது. இரண்டு ஞாயிறுகள் மழையில் போயின. மூன்றாவதில் கடைசியை எட்டினார்கள். செடி நாற்றுகள் விற்கும் ஒரு பண்ணை. வாய்க்கால் அங்கே ஒரு கல்வாயில் முடிந்தது. அதன் முன்னால் வரிசையாக நீளநீளமான கல்தொட்டிகள். ஒன்று நிரம்பினால் அடுத்ததுக்கு வழியும்படி காடி வெட்டியிருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தரையில் இரும்பு வளையங்கள். இப்போது தொட்டிகளில் மண் நிரப்பி நாற்று வளர்த்திருந்தார்கள்.

பண்ணை நடத்தும் பெண்மணிக்கு ஆச்சரியமே இல்லை. இங்கே ஒரு காலத்தில் குதிரைப் படை இருந்தது, இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும் என்றார். மலைத் தண்ணீர் குதிரைகளுக்காக வந்தது. "வழியிலேயே உங்க ஊர்க்காரங்க குடிச்சிட்டாங்கன்னு சொல்வாங்க. குதிரையெல்லாம் தண்ணி இல்லாம தவிச்சு, படையே வேற இடத்துக்குப் போயிடுச்சாம்."

அக்கா நம்பவில்லை. படைக்காரர்களின் தண்ணீரில் கை வைக்கிற தைரியம் நம் ஊருக்கு ஏது என்று வாதாடினார். சம்பந்தியம்மா பதில் சொல்லாமல் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். முதல் தொட்டியின் விளிம்புக்குள் கெட்டியான வெள்ளைப் பொருக்கு. அடுத்ததில் மெலிந்தது. போகப் போகப் பொருக்கு நகத்தளவானது. கடைசித் தொட்டிகளில் விரலால் துடைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. உளி பட்ட இடம் புதுசுபோல் சொரசொரவென்றிருந்தது.

"இதுக்குத் தண்ணியே வந்ததில்ல," என்றார்.

வெட்டிய நாளிலிருந்து ஒரு குதிரைகூட அதில் வாய் வைத்திருக்காது. அக்கா கடைசித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பேக்கரி, முடிதிருத்தும் கடை, பூச் செதுக்கிய துளை எல்லாம் மனசில் வந்துபோயின. வாய்க்கால் ஊருக்காக வரவில்லை. வாய்க்கால் போகிற வழியில் துளை போட்டவர்கள் கூடிக்கூடித்தான் ஊரே வந்திருக்கிறது. பழைய கடைத்தெரு ஏன் பாம்புபோல் வளைந்து போகிறது என்பதற்கும் அன்றைக்கு விடை கிடைத்தது.

செய்தி ஊரில் பரவியது. சிலருக்கு ரோஷம் வந்தது. நம்மைத் திருடர்கள் என்று சொல்ல இவர்கள் யார் என்று கேட்டார்கள். முடிதிருத்துபவரோ வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடியைக் கழற்றிக் காட்ட ஆரம்பித்தார். தன் வீட்டில் துளை இல்லாதவர்கள் கொல்லைச் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள்.

அக்காவுக்கு மட்டும் மனம் அடங்கவில்லை. துளைகளையெல்லாம்தான் அடைத்தாயிற்றே. இப்போது தண்ணீரை விட்டால் கடைசித் தொட்டிவரை போகுமா? கணவரிடம் கேட்டபோது, போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்றார். சம்பந்தியம்மாவிடம் கேட்டபோது, "விட்டுப் பார்த்துடலாமே" என்றார்.

தோட்டக்காரர் முதலில் தயங்கினார். பிறகு அவருக்கே ஆசை வந்துவிட்டது. குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு நாள் நிறுத்துவேன், அன்றைக்குப் பலகைக் கல்லைத் தூக்கிவிடுகிறேன் என்றார். காளான்காரர் அறுவடை முடித்துப் படுக்கைகளை ஓரமாக நகர்த்தினார். குடிநீர் அலுவலகத்தில் அனுமதி கேட்டபோது அந்த இளம் அதிகாரி, "எங்க லைன் இல்லைங்க, எங்ககிட்ட கேட்கவே வேண்டாம்" என்றார். இம்முறை சந்தோஷமாகச் சொன்னார். அன்றைக்கு விடுப்பும் எடுத்துக்கொண்டார்.

அதிகாலையில் கல்லை நெம்பினார்கள். தண்ணீர் ஒரு கணம் தயங்கி, இருட்டுக்குள் தலைவைத்துப் போனது. இரண்டு சம்பந்திகளும் அதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று வேகமாக நடந்தார்கள். காளான்காரர் போன் செய்து, வந்துவிட்டது, தாண்டிவிட்டது என்றார். மரக்கடைச் சந்தில் துணி உலர்த்தும் பெண் சமையலறைத் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தாள். அவர்கள் எட்டிப் பார்த்ததும் பேசாதீர்கள் என்று கையைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. கீழே போகிறது என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

அங்கே நிற்க நேரமில்லை. வயல் ஓரமாக நடந்து பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. பண்ணைக்காரப் பெண்மணி முதல் தொட்டியின் நாற்றுகளை எடுத்து, மண்ணை அள்ளிச் சுத்தம் செய்து வைத்திருந்தார். நாற்காலி போட்டார். மூன்று பேரும் கல்வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. சாய்ந்தது. யாரும் எழவில்லை.

முதலில் வாசனை வந்தது. நனைந்த புழுதியின் வாசனை. பிறகு சருகுகளையும் ஒரு செத்த வண்டையும் தள்ளிக்கொண்டு, விரல் பருமனுக்கு ஒரு நீர்க்கோடு கல்வாயின் விளிம்புக்கு வந்தது. அங்கே கொஞ்சம் தேங்கியது. தொட்டிக்குள் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. அதோடு நின்றுவிட்டது.

என்ன ஆனது என்று கேட்கக் கடைத்தெருவுக்குப் போன் செய்யும் முன்பே முடிதிருத்துபவர் கூப்பிட்டுவிட்டார். குரலில் கொண்டாட்டம். "அக்கா, கட்டையைப் பிடுங்கிட்டேன். சும்மா அருவி மாதிரி கொட்டுது. ரெண்டு வாளி நிரம்பிடுச்சு." பேக்கரியிலும் பிடுங்கிவிட்டார்களாம். பூச் செதுக்கிய துளைக்கு முன்னால் வரிசையே நிற்கிறதாம். விடுப்பில் வந்த அதிகாரிகூட ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனாராம்.

அக்கா போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

பண்ணைக்காரப் பெண்மணி எழுந்து நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார். "உங்க ஊர் இன்னும் மாறவே இல்லம்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எடுத்துவைத்த நாற்றுகளைத் திரும்பத் தொட்டிக்குக் கொண்டுவந்தார். இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து மண் அள்ளிப் போட்டார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் வாதம். தண்ணீர் வந்து சேர்ந்தது என்பது அக்காவின் கட்சி. இரண்டு சொட்டானாலும் சேர்ந்ததுதானே. சேரவில்லை, தொட்டி நனைந்தது, அவ்வளவுதான் என்று சம்பந்தியம்மா விடாமல் சொன்னார். ஊர் எல்லை வரும்வரை முடியவில்லை.

மறுநாள் தோட்டக்காரர் பலகைக் கல்லைப் போட்டு மூடிவிட்டார். மூடும்போது அவர் சொன்ன ஒரு விஷயம் சம்பந்தியம்மாவின் காதில் விழுந்தது. மழை பொய்த்த வருஷங்களில்கூட அந்த ஊற்றின் மட்டம் இறங்கியதே இல்லையாம். அப்படியானால் அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டார். தோட்டக்காரருக்குத் தெரியவில்லை. மலைக்கு மேலே யாரும் போய்ப் பார்த்ததில்லை என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பயிற்சிக் காரின் கதவில் விடுமுறை என்று எழுதி ஒட்டினார். சம்பந்தியம்மா ரொட்டியும் தண்ணீரும் பையில் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். இரண்டு பேரும் தோட்டத்தைத் தாண்டி மலையேறப் போனார்கள்.